ஆஃப் பண்ணிவிட்டுப் போகிறவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறர் சொன்னால் கோபம் வரும். பள்ளி அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள், பஸ் கண்டக்டர், காய்கறிக்காரர் என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே கிடையாது. ஆனால் எல்லாரையும்விட அதிகம் வாங்கியவர், என்னை 'வரா' என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் தினகரன்தான்.

அவருக்கு வலது கையில் கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும்தான் மிச்சம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். ஆயுத பூஜை அன்றைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கிறேன் என்று டைக்குள் கையை விட்டார். தகட்டை நசுக்கி அச்சாக்குகிற இரும்பு அது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கால் பெடலில் பட்டது. நாலு விரலும் போயிற்று. மோட்டாரைத் தானே போட்டுவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்காமல் கையை விட்டது அவர் தப்பு என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது ஆவடி ரயில் நிலையத்துப் பக்கம் டூவீலர் ஸ்டாண்டில் இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார்.

வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, அவர் சாவியை மறந்து வைத்தாலும் சரி, என் வாயில் கடைசியாக வந்து நிற்பது ஒரே வார்த்தைதான். "தானே மோட்டாரைப் போட்டுட்டு, ஓடுதான்னு பாக்காம கையை வுட்ட ஆளுதானே நீங்க." அவர் பதில் பேசமாட்டார். பேசாததால் நானும் விடமாட்டேன்.

போன தை மாதம் நான் ஒரு சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடி. நெட்வொர்க்கிங் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடியும். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்புக்கு ஆள் வேண்டும், சான்றிதழ் இருந்தால் எனக்கே தருவதாகத் தாளாளர் சொன்னார். அதனால்தான் நாற்பது வயதில் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கிளம்பினேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லாரும் எங்கேயோ உழைத்துக் களைத்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். பாடம் எடுக்கிற நிஷாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொட்டாவி விட்டால் போதும், அந்த ஆளைத்தான் கேள்வி கேட்பாள். கெட்டிக்காரப் பெண்.

ஆளுக்கு ஒரு பெட்டி கொடுப்பாள். அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். ஒரு பெட்டியின் போர்ட்டிலிருந்து அடுத்த பெட்டியின் போர்ட்டுக்கு ஒயர் போட்டு, கம்ப்யூட்டரில் சரியான கட்டளைகளைத் தட்டினால், இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் கையைத் தூக்க வேண்டும். நிஷா வந்து பார்த்து டிக் போடுவாள். இவ்வளவுதான் விஷயம். இதற்கே எனக்கு இரண்டு மாதம் தலை கிறுகிறுத்தது.

என் ஜோடி செங்கல்வராயன். நாற்பத்தாறு வயது, முத்தாபுதுப்பேட்டை. எஸ்டேட்டில் ஒரு டேட்டா சென்டரில் காண்ட்ராக்ட் செக்யூரிட்டி. சீருடைப் பேன்ட்டோடு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். ஆனியோடு ஏஜென்சி மாறுகிறது, புது ஏஜென்சிக்காரர்கள் நாற்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுக்கமாட்டார்கள். சான்றிதழ் இருந்தால் உள்ளே கேபிள் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கே மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். "பாஸானா உள்ள, இல்லாங்காட்டி ரோட்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு கண்ணுக்கு ஏறாது. மனைவி அங்கம்மாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து வீட்டில் இவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

மனிதர் நன்றாகப் படித்தார். எனக்கு விளங்காத கணக்கெல்லாம் அவருக்கு விளங்கியது. எங்கள் வகுப்பில் ஒயரை முதலில் சரியாகச் சொருகுவது அவர்தான், விளக்கை முதலில் எரியவிடுவதும் அவர்தான். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. விளக்கு எரிந்ததும் கையைத் தூக்குவதற்கு முன்னால், கடைசியாக ஒரு கட்டளையைத் தட்டிவிடுவார். போர்ட்டை ஆஃப் பண்ணுகிற கட்டளை. விளக்கு அணைந்துவிடும். அதற்கப்புறம்தான் கையைத் தூக்குவார்.

நிஷா வந்து பார்த்தால் பெட்டி இருட்டாக இருக்கும். பூஜ்யம்.

முதல் தடவை எல்லாரும் சிரித்தோம். "அண்ணா, இது ஃபேக்டரி மிஷின் இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சா அணைக்கிறதுக்கு. இது ராப்பகலா ஓடணும்" என்று நிஷா பொறுமையாகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார். மறுநாளும் அணைத்தார். அடுத்த வாரமும் அணைத்தார். பேப்பரில் 'அணைக்காதே' என்று எழுதி கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே அணைத்தார்.

சித்திரை கடைசி ஞாயிற்றுக்கிழமை செய்முறைத் தேர்வு என்று நிஷா அறிவித்தாள். அதில் தேறினவர்கள் பெயரைத்தான் சான்றிதழ்ப் பரீட்சைக்கு அனுப்புவாள். மற்றவர்கள் அடுத்த பேட்ச், ஐப்பசி. செங்கல்வராயன் முகத்தில் ஈயாடவில்லை. ஐப்பசிக்கு அவருக்கு வேலையே இருக்காது.

தேர்வுக்கு முந்தின புதன்கிழமை. ஏழரைக்கு எல்லாரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். நாங்கள் இருவரும் மட்டும் பழகிப் பார்க்க உட்கார்ந்தோம். ஒயர் போட்டார். பச்சை எரிந்தது. நான் எதிர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விளக்கு பட்டென்று அணைந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"இன்னாண்ணே உங்களுக்கு? வேணும்னே பண்றீங்களா? வேலை வேணுமா, வேணாமா? அந்தப் பொண்ணு தொண்டை கிழியக் கத்திக்கினு கீது, எங்களுக்கெல்லாம் ஏறினது உங்க மண்டையில மட்டும் ஏன் ஏறல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏறாம இல்லம்மா," என்றார். "கை கேக்க மாட்டேங்குது. நான் ஒரு தடவை ஆஃப் பண்ணாம போயிட்டேன்."

"எங்க?"

"இதே எஸ்டேட்ல. பதினோரு வருசம் ஆவுது. ஒரு பிரஸ் ஷாப்பு. காண்ட்ராக்ட்ல போய்க்கினு இருந்தேன், மூணு வாரம்தான் ஆயிருந்திச்சி. அன்னிக்கு ஆயுத பூஜை. மிசினெல்லாம் தொடைக்கச் சொன்னாங்க. நாலாம் நம்பர் பிரஸ்ஸு எனக்கு. எண்ணெய் எறங்கட்டும்னு மோட்டாரைப் போட்டு வுட்டேன். அதுக்குள்ள சூப்பர்வைசர், டேய், பொரி மூட்டை வந்துட்ச்சி, வேன்லேர்ந்து எறக்குடான்னு கூப்ட்டாரு. ஒரு நிமிசம்தானே, வந்து ஆஃப் பண்ணிக்கலாம்னு ஓடிட்டேன்."

என் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"மைக் செட்டு கட்டி சாமிப் பாட்டு போட்டுக்கினு இருந்தாங்க. மோட்டார் ஓடற சத்தம் யாருக்கும் கேக்கல. அடுத்த ஷிஃப்ட்டு ஆளு ஒருத்தரு, பர்மனென்ட் ஆளு, பொட்டு வைக்க வந்திருக்காரு. டைக்கு வைக்கக் கையை உள்ள வுட்டிருக்காரு. பெடல்ல கால் பட்ருச்சி. நான் பொரி மூட்டையோட வந்து நிக்கிறேன், எல்லாரும் கத்துறாங்க."

"நீங்க சொல்லலையா? நான்தான் போட்டேன்னு?"

"சொல்லல. பயம். மறுநாளே மேஸ்திரி என்னைப் பூந்தமல்லி சைட்டுக்கு மாத்திட்டாரு. அந்த ஆளு பேரு கூட நான் கேக்கலம்மா. பேரு தெரிஞ்சா தூக்கம் வராதுன்னு. தெரியாமலும் வரல." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிலேர்ந்து எதைத் தொட்டாலும் ஆஃப் பண்ணாம எழுந்திருக்க முடியல. ஊட்ல கேஸ் அடுப்பை ராத்திரி நாலு தடவை பாப்பேன். அங்கம்மா திட்டும்."

நான் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். பின்னால் அவர் "இன்னாம்மா? இன்னாச்சி?" என்று கேட்டது காதில் விழுந்தது. நிஷா படிக்கட்டில் டீக் கிளாஸோடு எதிரே வந்தாள். அவளைத் தாண்டி இறங்கினேன். வீடு இருக்கிற பருத்திப்பட்டு வரை நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறினால் யாரையாவது அடித்துவிடுவேன் என்று இருந்தது.

பாவி. பொரி மூட்டை தூக்கப் போனானாம். ஒரு மனுஷன் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் பதினோரு வருஷமாகக் கண்ணாடி முன்னால் நிற்கிறார். இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கம்பெனிப் பேப்பரில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். ஏரிக்கரை நடைபாதையில் எதிரே வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய்விட்டே பேசிக்கொண்டு போயிருக்கிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் யாரிடமும் பேசவும் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் தன் பழக்கப்படி அணைக்கப்போகிறான். பூஜ்யம் வாங்கப்போகிறான். ஆனிக்கு அப்புறம் ரோட்டில் நிற்பான். நான் எதுவுமே செய்ய வேண்டாம். எதிர் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நினைக்க நினைக்க இனித்தது. பொய் சொல்வானேன்!

ஆனால் அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. அவன் சொல்லவில்லை, சரி. நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் இத்தனை வருஷமாக? அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் பாத்திரத்தை ஓங்கிப் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தினகரன் ஸ்டாண்டிலிருந்து வந்து, கால் கழுவி உட்கார்ந்தார். தட்டு வைத்தேன். இடது கையால் பிசைந்து சாப்பிடுகிறவரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு மோட்டாரைப் போட்டது நீங்க இல்ல."

அவர் நிமிரவில்லை. "யாரு சொன்னது?"

"போட்ட ஆளே சொன்னான். என்கூடப் படிக்கிறான். காண்ட்ராக்ட்ல வந்தவன்." கேட்டதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பொரி மூட்டை, சாமிப் பாட்டு, பூந்தமல்லி எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். தட்டைத் தூக்கி எறிந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார்.

"நான் சொன்னேனே," என்றார்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில. கண்ணு முழிச்சதும். வரா, மோட்டாரை நான் போடல, உள்ள பாத்துட்டுதான் வச்சேன், ஓடற மாதிரியே தெரியலன்னு சொன்னேன். நீ இன்னா சொன்ன, ஞாபகம் கீதா?"

இருந்தது. ஐயோ, இருந்தது. வார்டுக்கு வெளியே சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு அவர் மேலதாம்மா, நாங்க இன்னா பண்றது" என்று சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட அந்த ஆள் சொன்னதை நம்பிக்கொண்டு நான் உள்ளே போனேன். இவர் கட்டுப்போட்ட கையோடு சொன்னபோது, "கை போன பெறகும் பொய்யா?" என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் கேட்கும்படிதான் கேட்டேன்.

"அதுக்கப்புறம் நீ நூறு தடவை சொல்லிட்ட," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "கேட்டுக் கேட்டு, நான்தான் போட்டேனோன்னு எனக்கே வந்துட்ச்சி. கம்பெனில பேப்பரை நீட்டினாங்க. ஊட்லயே நம்பல, இவங்க எங்க நம்பப்போறாங்கன்னு போட்டுக் குடுத்துட்டேன்."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது, வார்த்தை வரவில்லை. வாய் நீளமாம், வாய்! வேண்டிய நேரத்துக்கு அது எதற்கு உதவிற்று?

அவர் கை கழுவிவிட்டு வந்தார். "அந்த ஆளு நாளைக்கு வருவானா?"

"பரீட்சை இருக்கே. வருவாரு."

"நானும் வர்றேன்."

"எதுக்கு? அடிக்கவா?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "பரீட்சை முடியற வரைக்கும் கீழயே நில்லுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தேர்வு இப்படி: ஒருத்தர் கட்டளை தட்டுவார். ஜோடி எதிர் மேஜையில் அடுத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விளக்கு எரிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். வேறு பேச்சு கூடாது. முதலில் என் முறை. எப்படித் தட்டினேனோ தெரியாது, தேறிவிட்டேன். நிஷா டிக் போட்டாள். எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை.

அடுத்து செங்கல்வராயன். உட்காரும்போது என்னைப் பார்த்து, "ஒடம்பு சரியில்லையாம்மா? ரெண்டு நாளா காணோம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எதிரே போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகக் கீழே தெரு தெரிந்தது. மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து தினகரன் நின்றுகொண்டிருந்தார். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார். வெளியே போனால் எப்போதும் அப்படித்தான்.

பத்து நிமிஷம் செங்கல்வராயன் தட்டிக்கொண்டே இருந்தார். என் பெட்டியில் பச்சை எரிந்தது.

"எரியுது," என்றேன்.

அவர் கை கீபோர்டிலேயே இருந்தது. கையைத் தூக்க வேண்டும், தூக்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கியது. விரல்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. இன்னும் நாலைந்து எழுத்து தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது. நான் சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருக்கலாம் என்றுதான் வந்தேன், சத்தியமாக. ஆனால் ஒரு மனுஷனைப் பதினோரு வருஷம் தண்டித்துப் பார்த்தவள் நான். அதில் எனக்குக் கிடைத்தது என்ன? கீழே பாக்கெட்டுக்குள் கையை ஒளித்துக்கொண்டு நிற்கிறாரே, அதுதான் கிடைத்தது. இன்னொருத்தரை அப்படி நிறுத்த எனக்குத் தெம்பு இல்லை.

"எரியுதுண்ணே," என்றேன் மறுபடியும். "இந்தப் பக்கம் நான் கீறேன். நல்லா பாத்துட்டேன். யார் கையும் உள்ள இல்ல."

நிஷா நிமிர்ந்து பார்த்தாள். விதிப்படி அவள் என்னைக் கண்டித்திருக்க வேண்டும். ஏனோ ஒன்றும் சொல்லவில்லை.

செங்கல்வராயன் என்னையே பார்த்தார். தட்டின எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். அழிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு வலது கையைத் தூக்கினார். நிஷா வந்து பெட்டியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், டிக் போட்டாள். அவர் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். வகுப்பே கை தட்டியது.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். "என் ஊட்டுக்காரர் கீழ நிக்கிறாரு. உங்களைப் பாக்கணுமாம்."

"அப்டியா? வாங்கம்மா, எல்லாருக்கும் நான் டீ வாங்கித் தர்றேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.

தினகரன் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். செங்கல்வராயன் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கையைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். புதன்கிழமை நான் ஏன் ஓடினேன் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

"நாலாம் நம்பர்," என்றேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். மருந்துக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தினகரன் கிட்டே வந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் நடுவில் போகப் பார்த்தேன். அவர் என்னைக் கையால் விலக்கினார்.

"இந்தாப்பா, எழுந்துக்கோ. நான் சண்டைக்கு வரல," என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. அன்னிக்கு மோட்டாரை யாரு போட்டதுன்னு இவகிட்ட என் எதிர்ல சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

செங்கல்வராயன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்து, கண்ணில் நீர் வழிய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான்தாம்மா போட்டேன். ஆஃப் பண்ணாம போனதும் நான்தான். அவரு மேல ஒரு தப்பும் இல்லம்மா."

தினகரன் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சா, வரா?"

"கேட்டுச்சி," என்றேன்.